எல்லையில் ஓடும் எண்கள்

சொந்த ஊரை விட்டு வெளியே வந்து வாழும் நம்மவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. சாலையில் முன்னால் போகும் வண்டியின் எண் பலகையைக் கண் தானாகவே படித்துவிடும். மும்பையிலோ டில்லியிலோ 'டி.என்.' என்று தொடங்கும் எண் ஒன்று கண்ணில் பட்டால் போதும், "பார், நம்ம ஊர் வண்டி!" என்று குழந்தைகளுக்குக் காட்டுவோம். உள்ளே இருப்பவர் யார், அவர் பேசும் மொழி எது என்று நமக்குத் தெரியாது. ஆனாலும் அந்த இரண்டு எழுத்துகள் நமக்கு ஓர் உறவைச் சொல்லிவிடுகின்றன.

ஆனால் இந்தக் கணக்கு செல்லாத பகுதிகளும் உண்டு. கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் கிழக்கு ஓரம் அப்படிப்பட்டது. கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் என்று பாலக்காட்டுப் பக்கமும், மூணாறு, மறையூர், வட்டவடை, பூப்பாறை, வண்டிப்பெரியாறு, குமுளி என்று இடுக்கிப் பக்கமும் பல ஊர்களில் வீட்டில் பேசுவது தமிழ். வாசலில் நிற்கும் வண்டியிலோ 'கே.எல்.' எண். அந்த வண்டி கோவைக்குப் போனால் அது 'மலையாளத்து வண்டி'. வண்டிக்காரர் திருச்சூருக்குப் போனால் அவர் 'தமிழர்'. எண் பலகை என்பது என்ன, அது எப்படி வந்தது, எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாது என்பதை இந்த எல்லைப்புற மக்களின் வண்டிகளை வைத்தே பார்க்கலாம்.

பலகை பிறந்த கதை

மோட்டார் வண்டி சாலைக்கு வந்த சில ஆண்டுகளிலேயே அதை அடையாளம் காணும் தேவையும் வந்துவிட்டது. குதிரை வண்டிக்காரர் இடித்துவிட்டால் ஓடிப்போய்ப் பிடித்துவிடலாம். மோட்டார்காரரை எப்படிப் பிடிப்பது? 1893-ஆம் ஆண்டு பாரீஸ் நகரப் போலீசார், ஒவ்வொரு மோட்டார் வண்டியிலும் உரிமையாளரின் பெயர், முகவரி, எண் ஆகியவற்றைத் தாங்கிய தகடு இருக்க வேண்டும் என்று உத்தரவிட்டனர். எண் பலகையின் தொடக்கம் அதுதான் என்பார்கள். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலம் 1901-இல் உரிமையாளரின் பெயரெழுத்துகளை வண்டியில் பொறிக்கச் சொன்னது. மாசசூசெட்ஸ் 1903-இல் அரசாங்கமே தகடு தயாரித்துக் கொடுத்தது. பிரிட்டனில் 1903-இல் சட்டம் இயற்றப்பட்டு, 1904 ஜனவரி முதல் நாளிலிருந்து எல்லா வண்டிகளுக்கும் எண் கட்டாயமாயிற்று.

ஆண்டவர்கள் வழியே அந்த முறை இந்தியாவுக்கும் வந்தது. சென்னை நகரத்து முதல் எண்ணான 'எம்.சி. 1' துறைமுகத்தை உருவாக்கிய சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் என்பவரின் காருக்கு உரியது என்றும், 'எம்.சி. 3' கட்டட ஒப்பந்தக்காரர் நம்பெருமாள் செட்டியாருடையது என்றும் சென்னையின் வரலாற்றை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். 1914-இல் இந்திய மோட்டார் வாகனச் சட்டம் வந்தது. அதன்பின் 1939-ஆம் ஆண்டுச் சட்டம். மாகாணத்துக்கு ஓர் எழுத்துக் குறி, அதன்பின் வரிசை எண் என்னும் ஒழுங்கு நாடு முழுவதற்கும் நிலைபெற்றது. பழைய கறுப்பு வெள்ளைத் தமிழ்ப் படங்களில் கதாநாயகன் ஓட்டி வரும் காரில் 'எம்.எஸ்.' என்று தொடங்கும் எண்ணை நம்மில் பலர் பார்த்திருப்போம். அந்த 'எம்' மெட்ராஸ் மாநிலத்தைக் குறித்தது. 1969 ஜனவரியில் மாநிலம் தமிழ்நாடு என்று பெயர் பெற்றபின் 'டி' எழுத்தில் தொடங்கும் எண்கள் வந்தன.

வீடு நகரவில்லை, எண் நகர்ந்தது

இனி எல்லைப்புறத்துக்கு வருவோம். 1956 நவம்பர் முதல் நாள் மொழிவாரி மாநிலங்கள் அமைக்கப்பட்டபோது பாலக்காடு, மலபார் மாவட்டத்தின் பகுதியாக மெட்ராஸ் மாநிலத்தில் இருந்தது. பாலக்காட்டுக்காரருக்குச் சென்னைதான் தலைநகரம். ஆனால் பக்கத்திலேயே இருந்த சிற்றூர் வட்டம் கொச்சி சமஸ்தானத்தைச் சேர்ந்தது. 1949 ஜூலையில் கொச்சியும் திருவிதாங்கூரும் இணைந்தபோது சிற்றூரும் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்துக்குள் போயிற்று. ஆக, இன்று ஒரே மாவட்டமாக இருக்கும் நிலப்பரப்பில் அன்று இரண்டு அரசாங்கங்களின் வண்டி எண்கள் ஓடின. 1957 ஜனவரி முதல் நாள் பாலக்காடு மாவட்டம் பிறந்தது. அப்புறம் இரு பகுதிக்கும் 'கே.எல்.பி.' என்ற ஒரே குறிதான்.

மலைப் பக்கத்தின் கதை இன்னும் சிக்கலானது. தேவிகுளம், பீருமேடு வட்டங்கள் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தன. ஆனால் அவற்றின் போக்குவரத்து பெரும்பாலும் கிழக்கு நோக்கியே இருந்தது. மூணாற்றுத் தேயிலைக்காக 1902-இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாளப் பாதை போடப்பட்டது. 1908-இல் அது சிறு ரயில் பாதையாக மாறியது. மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ரயிலில் வந்த தேயிலைப் பெட்டிகள், அங்கிருந்து கம்பிப்பாதை வழியே போடிப் பக்கமுள்ள குரங்கணி, கொட்டகுடி அடிவாரத்துக்கு இறங்கின. 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அந்த ரயில் பாதையை அடித்துக்கொண்டு போனது. தோட்டங்களில் வேலை செய்ய வந்தவர்களும் பெருமளவில் தமிழ் மாவட்டங்களிலிருந்து மலையேறியவர்களே.

தேவிகுளம், பீருமேடு இரண்டையும் தமிழகத்துடன் சேர்க்க வேண்டும் என்று மார்ஷல் நேசமணி முதலியோரின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது நாம் அறிந்ததே. கன்னியாகுமரிப் பகுதியின் நான்கு வட்டங்களும் செங்கோட்டையின் பெரும் பகுதியும் மெட்ராஸ் மாநிலத்துக்கு வந்தன. தேவிகுளமும் பீருமேடும் கேரளத்திலேயே நின்றுவிட்டன. முதலில் அவை கோட்டயம் மாவட்டத்தில் இருந்தன. 1972 ஜனவரி 26 அன்று இடுக்கி மாவட்டம் உருவாயிற்று.

இந்த வரலாற்றை எண் பலகையில் படித்துப் பாருங்கள். மூணாற்றில் மூன்று தலைமுறையாக ஒரே வீட்டில் வாழும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். பாட்டனார் வண்டி வாங்கியிருந்தால் அதில் திருவிதாங்கூர் சமஸ்தானத்து எண். 1949-க்குப் பிறகு வாங்கியதில் திருவிதாங்கூர்-கொச்சி எண். 1956-க்குப் பின் கோட்டயத்தைக் குறிக்கும் 'கே.எல்.கே.'. இடுக்கி மாவட்டம் வந்தபின் 'கே.எல்.ஐ.'. 1989-க்குப் பின் 'கே.எல். 6'. பேரன் பிற்காலத்தில் வாங்கியதில் தேவிகுளத்துக்குரிய 'கே.எல். 68'. ஆறு வகை எண்கள்! வீடு ஓர் அடி நகரவில்லை. வீட்டில் பேசும் மொழியும் மாறவில்லை.

எண்ணைப் படிப்பது எப்படி?

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டமும் அதன்கீழ் வந்த மத்திய விதிகளும் 1989 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்தன. இன்று நாம் பார்க்கும் முறை அப்போது தொடங்கியதே. முதல் இரண்டு எழுத்துகள் மாநிலம். அடுத்த இரண்டு இலக்கங்கள் பதிவு செய்த அலுவலகம். அதன்பின் வரிசை எழுத்து, கடைசியில் நான்கு இலக்கம் வரை வண்டியின் தனி எண். 9999 முடிந்ததும் அடுத்த எழுத்து தொடங்கும். ஒன்று, பூஜ்யம் ஆகியவற்றோடு குழம்பும் என்பதால் 'ஐ', 'ஓ' என்ற ஆங்கில எழுத்துகளைப் பல இடங்களில் தவிர்த்துவிடுகிறார்கள்.

கேரளத்தில் தெற்கிலிருந்து வடக்காக எண் கொடுத்தார்கள். திருவனந்தபுரம் 1, இடுக்கி 6, பாலக்காடு 9, காசர்கோடு 14. அரசுப் பேருந்துக் கழகத்துக்கு என்று தனியாக 15. பிற்பாடு துணை அலுவலகங்களுக்கும் தனி எண் வந்தது. எல்லைப்புறத்தில் நம் கண்ணில் அடிக்கடி படுபவை இவை: ஆலத்தூர் 49, மன்னார்க்காடு 50, சிற்றூர் 70, வண்டிப்பெரியாறு 37, தொடுபுழை 38, தேவிகுளம் 68, உடும்பஞ்சோலை 69. எல்லைக்கு இந்தப் பக்கம் தமிழ்நாட்டில் கோவை தெற்கு 37, கோவை வடக்கு 38, பொள்ளாச்சி 41, தேனி 60.

இதில் ஒரு வேடிக்கையைக் கவனித்தீர்களா? 37 என்றால் தமிழ்நாட்டில் கோவை, கேரளத்தில் வண்டிப்பெரியாறு. 38-ம் அப்படியே. முன்னால் உள்ள இரண்டு எழுத்துகளை மறைத்துவிட்டால் எந்த மாநிலத்து வண்டி என்று சொல்ல முடியாது.

நிறங்களுக்கும் பொருள் உண்டு. முன்னெல்லாம் சொந்த வண்டிக்குக் கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்தும், வாடகை வண்டிக்கு வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்தும் இருந்தன. இப்போது சொந்த வண்டிக்கு வெள்ளையில் கறுப்பு, வாடகை வண்டிக்கு மஞ்சளில் கறுப்பு. ஓட்டுநர் இல்லாமல் வாடகைக்கு விடும் கார்களுக்குக் கறுப்பில் மஞ்சள். மின்சார வண்டிகளுக்குப் பச்சைப் பலகை. தூதரக வண்டிகளுக்கு நீலம். ராணுவ வண்டி எண்ணின் முன்னால் மேல்நோக்கிய அம்புக்குறி ஒன்று இருக்கும். 2019 ஏப்ரல் முதல் புது வண்டிகள் அனைத்துக்கும் உயர் பாதுகாப்புப் பலகை கட்டாயமாக்கப்பட்டது. அசோகச் சக்கர முத்திரையும் லேசர் எண்ணும் உடைய இந்த அலுமினியத் தகட்டைக் கழற்றினால் பூட்டு உடைந்துவிடும். திருடர்கள் மாற்றிப் பொருத்த முடியாது.

எண்ணை எந்த மொழியில் எழுதுவது என்பதிலும் விதி உண்டு. ஆங்கில எழுத்து, சர்வதேச இலக்கம். ஆசையால் தமிழிலோ மலையாளத்திலோ எழுதிக்கொள்வோர் இரு மாநிலங்களிலும் உண்டு. விதிப்படி அது அபராதத்துக்குரியது.

அரசாங்கத்துக்கு ஏன் இவ்வளவு அக்கறை?

திருடனைப் பிடிக்கவும் விபத்து செய்தவரைக் கண்டுபிடிக்கவும் மட்டும்தான் எண் பலகை என்றால், நாடு முழுவதற்கும் ஒரே வரிசை போதுமே? மாநில எழுத்து எதற்கு? விடை வரியில் இருக்கிறது. நம் அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணைப்படி மோட்டார் வாகனங்கள் பற்றிய சட்டம் மத்திய அரசுக்கும் மாநிலங்களுக்கும் பொது. ஆனால் வண்டி மீதான வரி மாநிலத்துக்கு மட்டுமே உரியது. எனவே 'கே.எல்.' என்றால் இந்த வண்டிக்கான சாலை வரி கேரளத்துக்குச் சேர்ந்தது என்று பொருள். வரி குறைவாக உள்ள இடத்தில் பதிவு செய்துவிட்டு வேறு மாநிலத்தில் ஓட்டும் தந்திரம் அதனால்தான் பிறக்கிறது. விலை உயர்ந்த கார்களைப் புதுச்சேரியில் பதிவு செய்து கேரளத்தில் ஓட்டிய விவகாரம் 2017-இல் பெரும் செய்தியாயிற்று. நாகாலாந்து முதலிய இடங்களில் பதிவு செய்து தமிழ்நாட்டுக்குள் ஓடிய ஆம்னி பேருந்துகள் மீது 2024-இல் தமிழ்நாடு நடவடிக்கை எடுத்தது.

நாணயமாக வரி கட்டும் குடும்பமும் சில விதிகளை அறிந்திருக்க வேண்டும். நம் வாசகர்களில் மாநிலம் விட்டு மாநிலம் மாறுவோர் பலர் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால், சட்டத்தின் 47-ஆம் பிரிவின்படி புது மாநிலத்து எண் வாங்க வேண்டும். அதற்கு முதலில் பழைய அலுவலகத்திலிருந்து தடையில்லாச் சான்று, அதாவது என்.ஓ.சி., பெற வேண்டும். வண்டி மீது கடன் இருந்தால் கடன் கொடுத்தவரின் சம்மதமும் வேண்டும். விண்ணப்பித்து முப்பது நாட்களுக்குள் மறுப்புத் தெரிவிக்கவில்லை என்றால் சான்று வழங்கப்பட்டதாகவே கொள்ளலாம் என்று 48-ஆம் பிரிவு சொல்கிறது. பலருக்கும் தெரியாத சலுகை இது. புது ஊரில் மீதி ஆயுளுக்குரிய வரியைக் கட்டி எண் பெற்ற பிறகு, பழைய மாநிலத்தில் கட்டிய வரியின் மீதியைத் திரும்பக் கேட்கலாம். அந்தப் பணம் கைக்கு வருவதற்குப் பொறுமை வேண்டும். எனவே ரசீதுகளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரே மாநிலத்துக்குள் வீடு மாறினால் எண்ணை மாற்ற வேண்டியதில்லை. முப்பது நாட்களுக்குள் முகவரி மாற்றத்தைத் தெரிவித்தால் போதும்.

இரு பக்கமும் வாழ்பவர்கள்

இந்த விதிகளின் அடியில் ஓர் அனுமானம் இருக்கிறது. ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு மாநிலத்தில் ஒரு வீடு உண்டு. வெளியே போனால் அது விருந்தாளியாகப் போகிறது. நெடுநாள் தங்கினால் குடிபெயர்ந்துவிட்டது. கொச்சிக்காரருக்கும் சென்னைக்காரருக்கும் இது சரி. ஆனால் எல்லையோர மனிதருக்கு?

வேலந்தாவளத்தில் வீடு இருக்கும். தோட்டம் எல்லைக்கு அப்பால் கோவை மாவட்டத்தில் இருக்கும். பெண் கொடுத்தது பொள்ளாச்சியில், பையன் படிப்பது கோவைக் கல்லூரியில், ரேஷன் கார்டு பாலக்காட்டில். வண்டி எந்த மாநிலத்தில் 'வழக்கமாக வைக்கப்படுகிறது' என்று கேட்டால், "ராத்திரி இங்கே, பகலில் அங்கே" என்பதே உண்மையான பதிலாக இருக்கும்.

பரம்பிக்குளத்தைப் பாருங்கள். பாலக்காடு மாவட்டம், சிற்றூர் வட்டம், முதலமடைப் பஞ்சாயத்தைச் சேர்ந்தது. ஆனால் அங்கு வண்டியில் போக நெடுங்காலமாகப் பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்ஸ்லிப் வழிதான். அதாவது தம் சொந்த வட்டத் தலைநகருக்குப் போக வேண்டுமென்றால் பரம்பிக்குளத்துக்காரர் தமிழ்நாட்டுக்குள் இறங்கி, அதைக் கடந்து, மறுபடி கேரளத்துக்குள் நுழைய வேண்டும். அங்குள்ள அணையோ கேரள மண்ணில் இருக்கிறது; அதை நிர்வகிப்பது தமிழ்நாடு அரசு. இப்படிப்பட்ட இடத்தில் எது உள்ளூர் வண்டி, எது வெளியூர் வண்டி?

இடுக்கிப் பக்கம் விடியற்காலைக் காட்சி வேறு. கம்பம், கூடலூர், போடி ஊர்களிலிருந்து ஏலத்தோட்ட வேலைக்குப் பெண்கள் ஜீப்புகளில் மலையேறுகிறார்கள். குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு என்று மூன்று வழிகள். மாலையில் அதே ஜீப்பில் இறங்குகிறார்கள். சொந்தக் கார் எல்லையைத் தாண்டினால் யாரும் எதுவும் கேட்கப் போவதில்லை. ஆனால் கூலிக்கு ஆள் ஏற்றும் வண்டி என்றால் அடுத்த மாநிலத்து வரி, பர்மிட் எல்லாம் வந்து நிற்கும். பத்து மைல் தூர வேலைக்குப் போகும் ஜீப்பும், ஐந்நூறு மைல் சுற்றுலா வரும் பேருந்தும் சட்டத்தின் கண்ணில் ஒன்றே: அயல் மாநில வண்டி.

பெரியவர்களுக்கு வழி பிறந்திருக்கிறது. லாரிகளுக்கு 2010-இல் புதிய தேசிய பர்மிட் முறை வந்து, ஒரே கட்டணத்தில் நாடு முழுவதும் ஓட வழி செய்தது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததும் வாளையாறு போன்ற இடங்களில் லாரிகள் மணிக்கணக்கில் நின்ற விற்பனை வரிச் சாவடிகள் எடுக்கப்பட்டன. 2021 செப்டம்பரில் 'பி.எச்.' என்ற பாரத் வரிசை எண் வந்தது. அதை வாங்கினால் மாநிலம் மாறும்போது எண்ணை மாற்ற வேண்டாம். ஆனால் அது யாருக்கு? ராணுவத்தினர், அரசு ஊழியர், பொதுத்துறை ஊழியர், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உள்ள தனியார் நிறுவன ஊழியர் ஆகியோருக்கு. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மாற்றலாகும் அதிகாரிக்குக் கிடைக்கிறது. நாளுக்கு இருமுறை எல்லை தாண்டும் விவசாயிக்கும் தோட்டத் தொழிலாளிக்கும் அதில் இடமில்லை.

2019-ஆம் ஆண்டுத் திருத்தம் இன்னொரு வசதியைத் தந்தது. மாநிலத்துக்குள் எந்த அலுவலகத்திலும் வண்டியைப் பதிவு செய்யலாம் என்றது அது. தேவிகுளத்துக்காரர் திருவனந்தபுரத்து எண்ணை வாங்க வழி திறந்திருக்கிறது. மாவட்டத்தின் பிடி தளர்ந்துவிட்டது. மாநிலத்தின் பிடி தளரவில்லை.

இதற்குத் தீர்வு இல்லாமல் இல்லை. மாநிலங்கள் தம்முள் ஒப்பந்தம் செய்துகொண்டு பர்மிட் விஷயங்களை ஒழுங்குபடுத்தலாம் என்று 88-ஆம் பிரிவு வழி வைத்திருக்கிறது. தமிழ்நாடு, கேரளம் இரண்டின் அரசுப் பேருந்துகளும் எல்லை தாண்டி ஓடுவது அப்படிப்பட்ட ஒப்பந்தங்களால்தான். பேருந்துக்குச் செய்ததை, எல்லையிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்குள் ஓடும் தொழிலாளர் ஜீப்புக்கும் செய்யலாமே. அதற்காகக் குரல் கொடுக்க எல்லைப்புறத் தமிழருக்கும் மலையாளிக்கும் ஒரே மாதிரி காரணம் இருக்கிறது.

எண்ணில் மொழி தேடுகிறவர்கள்

வரியும் பர்மிட்டும் பணத்தோடு முடிந்துபோகும். எண் பலகையை மனிதரின் இனமாகவும் மொழியாகவும் படிக்கத் தொடங்கும்போது வருவது வேறு வகைத் துன்பம்.

இலங்கையில் நடந்ததை நம் ஈழத்து அன்பர்கள் மறக்க மாட்டார்கள். அதுவரை ஆங்கில எழுத்துகள் இருந்த வண்டி எண்களில் 1957 முதல் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து புகுத்தப்பட்டது. தமிழர்கள் அதை எதிர்த்து, அந்த இடத்தில் தமிழ் எழுத்தை எழுதிக்கொண்டு வண்டி ஓட்டினார்கள். 1958-இல் சிங்கள 'ஸ்ரீ' பொறித்த அரசுப் பேருந்துகள் வடக்கே அனுப்பப்பட்டபோது எதிர்ப்பு மூண்டது. இங்கே சிங்கள எழுத்து தார் பூசி அழிக்கப்பட, அங்கே கொழும்பில் தமிழ் எழுத்துகள் அழிக்கப்பட்டன. அந்த ஏப்ரல் மாதமே பண்டாரநாயக்கா - செல்வநாயகம் ஒப்பந்தம் கைவிடப்பட்டது. மே மாதக் கடைசியில் பெரும் கலவரம். ஓர் எழுத்து மட்டுமே அதற்குக் காரணம் என்று சொல்வதற்கில்லை. ஆனால் எல்லோர் கண்முன்னும் நாள்தோறும் ஓடிய அந்த எழுத்து, இருந்த காயத்தைக் கிளறிக்கொண்டே இருந்தது.

நம் பக்கத்திலும் உதாரணங்கள் உண்டு. காவிரிப் பிரச்சினையின்போது 2016 செப்டம்பர் 12 அன்று பெங்களூரில் 'டி.என்.' எண்ணைத் தேடிப் பிடித்து வண்டிகளைக் கொளுத்தினார்கள். வரிசையாகப் பேருந்துகள் எரிந்த படத்தை உலகமே பார்த்தது. அந்த வண்டிகளில் பயணம் செய்தவர்களில் கன்னடர் எத்தனை பேர் என்று எவரும் கேட்கவில்லை. முல்லைப் பெரியாறு விவகாரம் முற்றிய 2011 டிசம்பரில் குமுளி எல்லையில் போக்குவரத்து பல நாட்கள் நின்றுபோனது. அப்போது மலைமேல் 'டி.என்.' எண்ணுக்கு அச்சம், கீழே கம்பம் பள்ளத்தாக்கில் 'கே.எல்.' எண்ணுக்கு அச்சம். 'கே.எல்.' எண் வண்டி வைத்திருந்த குமுளித் தமிழரோ இரண்டு பக்கமும் அஞ்ச வேண்டியவரானார். மேலே அவருடைய பேச்சு அவரைக் காட்டிக்கொடுத்தது; கீழே அவருடைய எண். ஏலத்தோட்ட வேலை நின்றதால் கூலி இழந்த பெண்களும் தமிழரே, ஆளில்லாமல் காய் பறிக்க முடியாமல் நின்ற தோட்டக்காரர்களில் மலையாளிகளும் தமிழரும் உண்டு.

2020-இல் கொரோனாவுக்காக எல்லைகள் மூடப்பட்டபோதும் அப்படியே. பாஸ் இல்லாமல் வாளையாற்றில் காத்து நின்றவர்களுக்கு 'கே.எல்.' எண் வாசலைத் திறந்துவிடவில்லை. எல்லைக்கு இரு பக்கமும் உறவை வைத்திருந்த குடும்பங்கள் சாவுக்கும் வாழ்வுக்கும் போக முடியாமல் தவித்தன.

உலகத்தின் பிற இடங்களிலும் பலகையில் ஊர்ப் பெருமை உண்டு. ஜெர்மனியில் முதல் எழுத்து ஊரைச் சொல்லும். 'பி' என்றால் பெர்லின், 'எம்' என்றால் மியூனிக். மலேசியாவில் 'பி' பினாங்கு, 'ஜே' ஜொகூர், 'டபிள்யூ' கோலாலம்பூர். நம் நாட்டிலேயே தெலங்கானா 2014-இல் 'டி.எஸ்.' என்று தொடங்கி 2024-இல் 'டி.ஜி.' என்று மாற்றிக்கொண்டது. எழுத்தில் பெருமை கொள்வது மனித இயல்பு. அதில் தவறில்லை. அந்த எழுத்தை வைத்து உள்ளே இருப்பவரை அளக்கும்போதுதான் தவறு தொடங்குகிறது.

கேரளத்து ஆட்சிமொழிச் சட்டம் 1969-இல் இயற்றப்பட்டபோது, தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் மொழியிலேயே அரசாங்கத்தோடு கடிதத் தொடர்பு கொள்ளலாம் என்று இடம் வைத்தது. மாநிலத்தின் எல்லையும் மொழியின் எல்லையும் ஒன்றல்ல என்பதைச் சட்டமே ஏற்றுக்கொண்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. 'கே.எல்.' என்ற எழுத்து வண்டி எங்கே வரி கட்டியது என்று சொல்லும். ஓட்டுபவர் தாலாட்டுக் கேட்ட மொழி எது என்று சொல்லாது.

வெளியூரில் வாழும் நமக்கு இதில் ஒரு பாடம் உண்டு. நம் வீட்டு வாசலில் நிற்கும் வண்டிகளிலும் வேறு நாட்டு, வேறு மாநிலத்து எண்கள்தான் இருக்கின்றன. அந்த எண்களை வைத்து நம்மை யாராவது அளந்தால் நமக்கு எப்படி இருக்கும்? நம் பிள்ளைகள் இந்த ஆண்டு விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது வாளையாற்றையோ போடிமெட்டையோ கடந்தால், எதிரே வரும் 'கே.எல். 70', 'கே.எல். 68' எண்களைக் காட்டி அந்த ஊர்களின் கதையைச் சொல்லுங்கள். முடிந்தால் அங்கே ஒரு தேநீர்க் கடையில் வண்டியை நிறுத்தி, தமிழிலேயே இரண்டு வார்த்தை பேசச் சொல்லுங்கள். அங்கே பதிலும் தமிழிலேயே கிடைக்கும்.